ஹார்ன் கேட்கிறது, பஸ் எந்தப் பக்கம்? காது மந்தமானால் திசை ஏன் தப்புகிறது

ஆற்றங்கரைச் சாலை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நடவு முடிந்த வயல். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று ஓரம் இறங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார். பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கிறது. பெரியவர் தலையைத் தூக்கி எதிரே பார்க்கிறார். எதிரே ஒன்றும் இல்லை. அக்கரைச் சாலையில் போகிற பஸ்ஸாக இருக்கும் என்று நினைத்து, விலகாமல் நடக்கிறார். டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு, "என்ன பெரியவரே, காது கேக்கலையா?" என்று கத்துகிறார். அன்று சாயங்காலம் வீட்டில் விசாரித்தால் அவர் சொல்லும் பதில் இதுதான்: "ஹார்ன் நல்லாக் கேட்டுச்சே."

அவர் சொல்வது உண்மை. ஹார்ன் அவருக்குக் கேட்டது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய் என்று கரையே சாலையாக இருக்கிற டெல்டாவில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டார் இதைக் கவனக்குறைவு என்கிறார்கள், மறதி என்கிறார்கள், சில வீடுகளில் பிடிவாதம் என்றும் சொல்கிறார்கள். மூன்றும் தவறு. ஒலியைக் கேட்பது ஒரு வேலை, அதன் திசையைக் கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. முதல் வேலை ஓரளவு நடக்கும்போதே இரண்டாவது நின்றுபோகலாம்.

காதுக்குள் திசைக்கு இடமில்லை

கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் இருக்கும் தென்னை விழித்திரையில் ஓர் இடத்தில் விழும், வலப்பக்கம் இருக்கும் மின்கம்பம் வேறோர் இடத்தில் விழும். எது எங்கே என்பது கண்ணுக்குள் வரும்போதே பதிந்துவிடுகிறது.

காதில் அப்படி எதுவும் கிடையாது. செவிப்பறைக்கு வருவது காற்றின் அதிர்வு மட்டுமே. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா அந்த அதிர்வைச் சுருதி வாரியாகப் பிரிக்கிறது. கீச்சென்ற ஒலிக்கு ஓர் இடம், கனத்த ஒலிக்கு ஓர் இடம். இடது, வலது, முன், பின் என்பதற்கு அங்கே இடமே ஒதுக்கப்படவில்லை. திசை என்பது இரண்டு காதும் அனுப்பும் செய்தியை ஒப்பிட்டு மூளைத்தண்டு போடும் கணக்கு. கணக்குக்கு வேண்டிய எண்களில் ஒன்று குறைந்தாலும் விடை மாறிவிடும்.

அந்தக் கணக்கின் மூன்று எண்கள்

1. நேர வித்தியாசம்

வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலது காதை முதலில் தொடும். தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போக அது இன்னும் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் பயணம் செய்ய வேண்டும். நம்மூர் வெயிலில் ஒலி வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. அப்படியானால் இரண்டு காதுக்கும் இடையே ஏற்படும் மிக அதிகமான தாமதமே ஒரு வினாடியைப் பத்தாயிரமாகப் பிரித்தால் ஆறேழு பங்குதான். நல்ல காது உள்ளவரின் மூளை இதைவிட மிகச் சிறிய தாமதத்தையும் பிடிக்கிறது: வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு. அதனால்தான் நேர் எதிரே உள்ள ஒலி ஒரு டிகிரி நகர்ந்தாலும் நமக்குத் தெரிகிறது. உடம்பில் இவ்வளவு நுட்பமாக நேரம் அளக்கும் இடம் வேறில்லை. இந்த அளவீடு கனத்த ஒலிகளில், சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவுதான் ஹெர்ட்ஸ்) கீழே, நன்றாக வேலை செய்கிறது.

2. உரப்பு வித்தியாசம்

500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 70 சென்டிமீட்டர். தலை அதற்கு ஒரு தடையே இல்லை, வளைந்து போய்விடும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவு. தலை அதை மறைத்துவிடும். வெயிலில் மரத்துக்குப் பின்னால் நிழல் விழுவது போல, ஒலிக்கு மறுபக்கத்தில் இருக்கும் காது தலையின் நிழலில் மாட்டிக்கொள்கிறது. கீச்சொலிகளில் இந்த வித்தியாசம் 20 டெசிபெல் (உரப்பை அளக்கும் அலகு) வரை போகும். கனத்த ஒலிக்கு நேரம், கீச்சொலிக்கு உரப்பு என்ற இந்த இரட்டைக் கணக்கை 1907-இல் விளக்கியவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. இயற்பியலுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

3. காது மடலின் வடிகட்டல்

முதல் இரண்டு எண்களிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நேர் எதிரே இருக்கும் ஒலியும் நேர் பின்னால் இருக்கும் ஒலியும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே உரப்பில் வந்து சேரும். வித்தியாசம் பூஜ்யம். தலைக்கு மேலே இருந்து வந்தாலும் பூஜ்யம்தான். இந்த முடிச்சை அவிழ்ப்பது காது மடலின் மடிப்புகள். முன்னிருந்து வரும் ஒலியின் சில கீச்சுப் பகுதிகளைத் தூக்கியும் சிலவற்றை அமுக்கியும் மடல் உள்ளே அனுப்புகிறது. பின்னிருந்தோ மேலிருந்தோ வந்தால் அந்தத் தூக்கலும் அமுக்கலும் வேறு மாதிரி இருக்கும். மூளை அந்தச் சாயலை வைத்து முன், பின், மேல், கீழ் என்று பிரிக்கிறது. பெரும்பாலும் 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிகளில்தான் இது நடக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரைப் பெரியவரின் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

மேல்–கீழ் கணக்கைப் பறவைகளில் வேறு வழியில் தீர்த்துக்கொண்டது கூகை. டெல்டாவில் எலியைப் பிடிக்கட்டும் என்று வயலில் குச்சி நட்டு இருக்கை வைக்கிறார்களே, அதில் இரவில் வந்து உட்காரும் பறவைகளில் ஒன்று. அதன் ஒரு காது சற்று மேலேயும் மறு காது சற்றுக் கீழேயும் இருக்கிறது. அதனால் எலி எவ்வளவு தாழ்வில் ஓடுகிறது என்பதும் இரண்டு காதின் உரப்பு வித்தியாசத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். கும்மிருட்டில் சரசரப்பை மட்டும் வைத்துக் கூகை எலியைப் பிடிப்பதைச் சோதனைக்கூடத்தில் நிரூபித்திருக்கிறார்கள்.

இன்னொன்று: எல்லா ஒலிக்கும் திசை சமமாகத் தெரிவதில்லை. பல சுருதிகள் கலந்த சரசரப்பு, கைதட்டல், வைக்கோல் மிதிபடும் சத்தம் ஆகியவற்றின் திசை சுலபமாகத் தெரியும். ஒரே சுருதியில் நீளும் ஒலிக்கு நல்ல காதே திணறும். ராத்திரி சுவர்க்கோழி எந்த மூலையில் கத்துகிறது என்று தேடி அலுத்துப்போனவர்களுக்கு இது புரியும். லாரி பின்னால் எடுக்கும்போது வரும் "பீப், பீப்" ஒலிக்கும் இதே குறைதான்.

எந்தக் குறைபாட்டில் எது போகிறது

வயதும் இரைச்சலும். வயதாகும்போது காது மேலிருந்து கீழாகத் தேய்கிறது. கீச்சொலி முதலில் போகும், கனத்த ஒலி கடைசி வரை நிற்கும். எஞ்சின் இரைச்சலால் வரும் சேதமும் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகில்தான் தொடங்குகிறது. கேபின் இல்லாத டிராக்டரில் ஓட்டுநரின் காதருகே சத்தம் 90 டெசிபெலைச் சுலபமாகத் தாண்டும். 85 டெசிபெலுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம்தான் பாதுகாப்பான எல்லை. மேலே ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 91 டெசிபெலில் 2 மணி நேரம்தான். குறுவை அறுவடை சமயத்தில் மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று விடிய விடிய மெஷின் ஓட்டுபவர்கள் இந்தக் கணக்கை எத்தனை மடங்கு மீறுகிறார்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். உழும்போது கலப்பையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதால் ஒரு காது எஞ்சின் பக்கமே அதிகம் இருக்கும், அந்தக் காது முந்திக்கொண்டு தேயும்.

இப்போது மூன்று எண்களுக்கு வாருங்கள். கீச்சொலி போய்விட்டால் மூன்றாவது எண், அதாவது மடலின் சாயல், ஏறக்குறைய முழுதாகப் போகிறது. இரண்டாவது எண் பலவீனமாகிறது. முதல் எண் மட்டும் ஓரளவு நிற்கிறது. விளைவு இதுதான்: இடதா, வலதா என்பது அவருக்கு இன்னும் தெரியும். முன்னா, பின்னா என்பது தெரியாது. பஸ் ஹார்னில் கனத்த பகுதி நிறைய இருப்பதால் ஹார்ன் உரக்கவே கேட்கும். ஆனால் பின்னால் அடித்த ஹார்ன் எதிரே அடித்தது போல இருக்கும். பெரியவர் எதிரே பார்த்தது கவனக்குறைவால் இல்லை. அவர் மூளைக்குக் கிடைத்த எண்களுக்கு அதுவும் சரியான விடைதான்.

வரப்பில் நடக்கும்போது கண்ணாடி விரியனின் சீறலும் இதே வகையில் ஆபத்தாகிறது. சீறல் என்பது உயர் அதிர்வெண்கள் நிறைந்த ஒலி. கீச்சொலி போன காதுக்கு அது கேட்பதே கடினம், கேட்டாலும் காலுக்கு முன்புறமா, பின்புறமா என்று சொல்லாது.

ஒரு காது முழுதாகப் போனால். பொன்னுக்கு வீங்கி வந்து போன குழந்தைக்கு ஒரு காது முழுதாகச் செவிடாவது உண்டு. வலியோ சீழோ இல்லாததால் பல வருடம் யாருக்கும் தெரியாது. போனை மறு காதில் வைக்கும்போதுதான் வெளியே வரும். வீட்டில் கூப்பிட்டால் திரும்புகிறது, பாடம் படிக்கிறது, பேச்சும் தெளிவு. "இன்னொரு காது நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒப்பிட இரண்டாவது காது இல்லாததால் முதல் இரண்டு எண்களும் ஒரேயடியாகப் போய்விடுகின்றன. எல்லா ஒலியும் நல்ல காதுப் பக்கமிருந்தே வருவது போலத் தோன்றும். சிலர் நல்ல காதின் மடல் சாயலை வைத்தும் தலையைத் திருப்பித் திருப்பியும் ஓரளவு பழகிக்கொள்கிறார்கள். அவசரத்தில், தெரியாத ஒலியில், அந்தப் பழக்கம் கைகொடுக்காது.

அழுக்கும் சீழும். காதழுக்கு ஒரு பக்கம் அடைத்துக்கொண்டாலே திசை தப்பும், எடுத்தவுடன் சரியாகும். செவிப்பறையில் ஓட்டை விழுந்து சீழ் வடியும் காது வேறு கதை. ஆற்றிலும் குளத்திலும் குதித்து வளரும் பிள்ளைகளுக்கு ஒரு சுற்றுக் குளியலே சீழைத் திரும்பக் கொண்டுவரும். இதற்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது தீங்கு. ஓட்டை வழியே எண்ணெய் நடுக்காதுக்குள் போகும். ஒரு காது நீண்ட நாள் அடைத்துக் கிடந்தால், மருத்துவம் செய்து கேட்கும் திறன் திரும்பிய பிறகும் இரு காதையும் சேர்த்துக் கணக்குப் போட மூளை பழகிக்கொள்ளச் சில காலம் பிடிக்கிறது. உடனே திசை தெரியவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

பந்தியில் என்ன நடக்கிறது

திசை தெரியாததன் பாதி விளைவு சாலையில் இருக்கிறது. மறுபாதி கூட்டத்தில்.

கல்யாண மண்டபம். மேடையில் நாகஸ்வரமும் தவிலும். கீழே பந்தி. இடது காது போன ஒருவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்கத்து உறவினர் ஏதோ கேட்கிறார், இவர் அசையவில்லை. எதிரே "ரசம்... ரசம்..." என்று குரல் வருகிறது, வரிசையில் எந்த ஆள் ரசம் வைத்திருக்கிறார் என்று கண்ணால் தேடுகிறார். கண்டுபிடிப்பதற்குள் ரசம் அடுத்த இலைக்குப் போய்விட்டது. மோர் வந்ததும் கேட்காமலேயே கையால் குழி பறித்துக்கொள்கிறார்.

நல்ல காது இரண்டும் இருப்பவருக்கு மேளம் ஒரு திசை, பக்கத்து ஆள் ஒரு திசை. திசை பிரிந்திருப்பதால்தான் மூளை ஒன்றைத் தள்ளிவைத்து இன்னொன்றைக் கேட்கிறது. திசை போனால் மேளம், பாத்திரச் சத்தம், பேச்சு எல்லாம் ஒரே குவியலாகக் காதில் விழும். "சத்தமா இருக்கு, ஆனா ஒண்ணும் புரியலை" என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் குவியலைத்தான். அங்கே போய் இன்னும் உரக்கக் கத்தினால் குவியல்தான் பெரிதாகும். விசேஷங்களுக்குப் போவதையே மெல்ல மெல்ல நிறுத்திவிடுகிறவர்கள் பலர். இதை அவர்களின் குணம் என்று எடுத்துக்கொள்வது பெரிய அநியாயம்.

பரிசோதனைச் சீட்டில் ஏன் தெரிவதில்லை

வழக்கமான கேட்டல் பரிசோதனையில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு காதாக, பெரும்பாலும் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி விட்டுப் பார்க்கிறார்கள். அவசியமான பரிசோதனைதான். ஆனால் ஹெட்போனுக்குள் திசை கிடையாது. இரு காதும் சேர்ந்து செய்யும் வேலையை அது அளப்பதே இல்லை.

சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, கேட்டல் குறைபாட்டை "இரண்டு காதுகளிலும்" என்றே வரையறுக்கிறது: 60 முதல் 70 டெசிபெல் இழப்பு இருந்தால் ஒரு வகை, 70 டெசிபெல் என்றால் செவித்திறன் அற்றவர். ஒரு காது முழுதாகப் போய் மறு காது நன்றாக இருப்பவர் இந்த வரையறைக்குள் வரமாட்டார். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் ஒரு காது இழப்புக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறது. நம் சட்டத்திலும் அப்படி ஓர் இடம் வேண்டும். சாலையில் பஸ் எந்தப் பக்கம் என்று தெரியாதவரை "ஒரு காது இருக்கிறதே" என்று திருப்பி அனுப்புவது சரியாகாது.

காது மெஷின் திசையைத் திருப்பித் தருமா

கொஞ்சம் தரும், கவனமாகப் பொருத்தினால்.

1. இரண்டு காதும் மந்தமாக இருந்து ஒரே ஒரு மெஷின் போட்டால், ஒரு பக்கம் மட்டும் உரக்கும். உரப்புக் கணக்கு ஒரு பக்கமாகச் சாயும். காசு மிச்சம் என்று ஒன்று வாங்குபவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு வாங்கியவர்கள் ஒன்றைப் பெட்டியில் வைத்துவிட்டு "மாத்தி மாத்திப் போடுறேன்" என்றாலும் இதே கதைதான்.

2. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினில் மைக் மடலுக்கு மேலே இருக்கிறது. ஒலி மடலின் மடிப்புகளைத் தொடாமலே உள்ளே போவதால் முன்–பின் குழப்பம் தீராது. காதுக்குள்ளே வைக்கும் வகையில் இது கொஞ்சம் மேல். அழுக்கும் சீழும் உள்ள காதுக்கு அது ஒத்துவராது, எனவே எது பொருந்தும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

3. மெஷின்கள் மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கும். இரண்டும் தனித்தனியாக இதைச் செய்தால் இரு காதுக்கும் இடையே உள்ள உரப்பு வித்தியாசம் தேய்ந்துவிடும். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஜோடி மெஷின்களில் இந்தத் தேய்மானம் குறைவு. பொருத்தும் இடத்தில் இதைக் கேட்டு வாங்கலாம்.

4. ஒரு காது முழுதாகப் போனவருக்கு, அந்தப் பக்கத்து ஒலியைப் பிடித்து நல்ல காதுக்கு அனுப்பும் கருவி உண்டு. பேச்சு கேட்க உதவும். திசை வராது, ஏனென்றால் கேட்பது அப்போதும் ஒரே காதுதான். ஒரு காதில் மட்டும் காக்ளியா உள்வைப்பு (செவி நரம்பை நேரடியாகத் தூண்டும் கருவியை அறுவை செய்து உள்ளே வைப்பது) செய்த குழந்தைக்கும் இது பொருந்தும்: பேச்சு வரும், எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது.

மெஷின் போட்ட முதல் வாரத்தில் திசை இன்னும் மோசமாகத் தோன்றுவது இயல்பு. 1998-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நல்ல காது உள்ள நால்வரின் மடலில் அச்சு வைத்து அதன் வடிவத்தை மாற்றினார்கள். மேல்–கீழ் கணிப்பு அப்போதே குலைந்தது. அச்சோடு அன்றாட வேலைகளைச் செய்துகொண்டே இருந்ததில் சில வாரங்களில் அது திரும்பி வந்தது. மூளை புதிய சாயலைக் கற்றுக்கொண்டது. மெஷினைக் கழற்றி வைப்பவருக்கு அந்தக் கற்றல் நடக்காது.

அன்றாடம் செய்யக்கூடியவை

சாலையில் நடக்கும்போது வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். காது விட்ட இடத்தைக் கண் பிடித்துக்கொள்ளும். சைக்கிளில் கண்ணாடி மாட்டுவது மிகச் சிறிய செலவு. ஹார்ன் கேட்டதும் நின்று தலையை இரு பக்கமும் திருப்பினால், திரும்பும்போது மாறும் வித்தியாசத்தை வைத்து முன்னா பின்னா என்று மூளை ஓரளவு கண்டுபிடித்துவிடும். பேட்டரி ஸ்கூட்டர்கள் சத்தமில்லாமல் வருவதால் கண்ணை நம்புவது இன்னும் முக்கியம்.

வகுப்பில் ஒரு காதுப் பிள்ளையை, நல்ல காது ஆசிரியர் பக்கமும் மற்ற பிள்ளைகள் பக்கமும் இருக்கும்படி முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். வீட்டில் அடுத்த அறையிலிருந்து கூப்பிடாமல், எதிரே வந்து பேச வேண்டும். "இங்கே" என்றால் அவருக்குப் புரியாது, "கொல்லைப்பக்கம் இருக்கேன்" என்று இடத்தைச் சொல்லுங்கள்.

சந்தேகமிருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு அவரைக் கண்ணை மூடி உட்கார வையுங்கள். நான்கு பக்கமும் மாறி மாறி நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள், அவர் கையால் காட்டட்டும். இடது வலது மாறினால் ஒரு காது பலவீனம் என்று சந்தேகிக்கலாம். முன் பின் மட்டும் மாறினால் கீச்சொலி போயிருக்கலாம். இது மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது, போக வேண்டும் என்பதற்கான அறிகுறி.

ஒன்று மட்டும் அவசரம். காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று அடைத்தது போல இருந்து, எல்லாச் சத்தமும் மறு பக்கமிருந்தே வந்தால், சளி என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. உள்காது திடீரென்று செயலிழப்பது இப்படித்தான் தொடங்கும். ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களில் கொடுத்தால் பலன் அதிகம், இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு வேகமாகக் குறையும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அன்றைக்கே போய், "நேற்று கேட்டது, இன்று கேட்கவில்லை" என்று நாளைச் சொல்லிக் காட்டுங்கள்.